வெயிலுக்கு ஒளித்தவர்கள்

திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட எங்கள் கரையில் கிடைத்த ஒரு பெண் இன்று லண்டனில் நிற்கிறாள். பெயர் தாரா. மகாயான பௌத்தர்கள் கருணைக்கென்று கும்பிட்ட தெய்வம். 8ஆம் நூற்றாண்டளவில் வெண்கலத்தில் வார்த்துப் பொன்முலாம் பூசியிருக்கிறார்கள். உயரம் 143 சென்ரிமீற்றர், ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் உயரம். இலங்கைத் தேசாதிபதியாக இருந்த றொபேட் பிரவுண்றிக்கின் கையில் போய்ச் சேர்ந்து, 1830இல் அவரால் பிரித்தானிய நூதனசாலைக்குக் கொடுக்கப்பட்டாள்.

மேலுடம்பில் துணி இல்லை. நிறைந்த மார்பு, பிடிக்குள் அடங்கும் இடை, அதற்குக் கீழே அகன்று இறங்கும் இடுப்பு, அதில் தாழக் கட்டிய மெல்லிய சேலை. வலது கை வரம் கொடுக்கிறது. கண்கள் பாதி தாழ்ந்திருக்கின்றன. கோயில் அம்மன்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இந்த உடம்பு புதிதல்ல. கையெடுக்கத்தான் தோன்றும். லண்டனில் அவளைப் பொறுப்பெடுத்தவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. பொதுசனம் பார்க்கத் தகாத உருவம் என்று முடிவெடுத்து, ஏறத்தாழ 30 வருடம் உள்ளறையில் வைத்திருந்தார்கள். ஆராய்ச்சிக்காரர் மட்டும் போய்ப் பார்க்கலாம்.

அவளை உள்ளே வைத்த நாட்டின் பேத்திமார் இப்போது சித்திரை கழிந்தால் உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் வந்து, இரண்டு துண்டுத் துணியோடு மணலில் படுக்கிறார்கள். அவள் கிடைத்த கரையில் பிறந்த நாங்கள் முழுக்கைச் சட்டையும் பஞ்சாபியுமாகக் கடலில் இறங்குகிறோம். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. என் ஒரு வாழ்நாளுக்குள்ளேயே எங்கள் ஊரில் பெண்ணின் அழகுக்கு எத்தனை கணக்கு வந்து போனது, ஒவ்வொரு கணக்கிலும் யாருடைய பிள்ளை கழிக்கப்பட்டாள் என்பதை எழுதவேண்டும் என்று கனகாலமாக மனதில் கிடக்கிறது.

நான் வளர்ந்தது திருக்கடலூர்ப் பக்கம். அப்பா டொக்யாட்டில் கிளாக்கராக இருந்தவர். 1957இல் ஆங்கிலேயக் கடற்படை துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது நான் பிறந்திருக்கவில்லை. ஆனால் வெள்ளைக்காரக் குடும்பங்களைப் பற்றிய கதைகள் வீட்டில் போகாமல் இருந்தன. துரைமாரின் பெண்சாதிமார் அகன்ற தொப்பி, கைக்குப் பிடித்த குடை என்று வெயிலுக்குப் பயந்து நடந்ததை அம்மம்மா சொல்லுவா. அந்த வெள்ளைத் தோலில் ஒரு புள்ளி விழுந்தாலும் அவர்களுக்குக் கவலையாம். அவர்களின் பேரப்பிள்ளைகள் எண்ணெய் பூசிக்கொண்டு மத்தியான வெயிலில் புரண்டு படுப்பதைப் பார்க்க அம்மம்மா இருக்கவில்லை.

அம்மம்மாவுக்கு ஒரு பெண் அழகி என்றால், முதலில் உடம்பில் சதை வேண்டும். அடுத்தது மயிர். அவிழ்த்துவிட்டால் இருக்கும் பலகையில் படவேண்டும். வெற்றிலை போட்டுச் சிவந்த வாய், நிமிர்ந்த நடை. மெலிந்த பிள்ளையைக் கண்டால், "என்ன பிள்ளை, நெத்தலி மாதிரி நிக்கிறாய், வீட்டிலை சோறு இல்லையே?" என்று கேட்டுவிடுவா. அது பகிடிக் கேள்வியும் இல்லை. அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து போன ஊரில், சதை என்பது ஒரு வீட்டில் உலை கொதிக்கிறது என்பதற்கு அத்தாட்சி. பிள்ளை பெறுவாள், பெற்றுப் பிழைப்பாள் என்ற நம்பிக்கையும் அதில் இருந்தது. பிள்ளைப்பேற்றில் பெண்களை இழந்த தலைமுறைக்கு அகன்ற இடுப்பு கண்ணுக்கு மட்டும் விருந்தாக இருந்திராது.

நான் பெரிய பிள்ளையானபோது நடந்தது இன்னும் நாக்கில் இருக்கிறது. விடியப்புறம் பச்சை முட்டை, அதற்கு மேலே நல்லெண்ணெய். மூக்கைப் பொத்தி விழுங்கவேண்டும். மத்தியானம் நல்லெண்ணெயில் வதக்கிய கத்தரிக்காயும் சோறும். பின்னேரம் உழுத்தம்மாக் களி, பனங்கட்டி போட்டு. அம்மம்மா பக்கத்தில் குந்தியிருந்து கடைசிக் கவளம் வரை இறக்குவா. வீட்டை விட்டு வெளியில் விடவில்லை. சாமத்தியச் சடங்கன்று தண்ணீர் வார்த்து வெளியே கூட்டிவந்தபோது பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். "நல்லா ஊறியிருக்கிறாள்" என்றார் ஒரு மாமி. இன்னொருவர், "நிழலிலை இருந்ததிலை நிறமும் திறந்திட்டுது" என்றார். அம்மம்மாவின் முகம் அப்போதுதான் மலர்ந்தது.

அந்த இரண்டாவது சொல்லை நான் மறைக்கக்கூடாது. பழைய காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது, தொலைக்காட்சிதான் கெடுத்தது என்று என் வயதுக்காரர் பலர் கதைக்கிறார்கள். அது உண்மையில்லை. வெளுத்த நிறத்தின் மேல் ஆசை எங்கள் வீடுகளில் அப்போதே இருந்தது. கரைவலைக்குப் போகிறவர் கறுப்பார், வயலில் நிற்கிறவர் கறுப்பார், நிழலில் இருக்க வசதியுள்ளவள் வெளுப்பாள். அந்த வசதியைத்தான் எல்லோரும் நிறம் என்று பார்த்தார்கள். சாதியும் அதற்குள்ளே ஒளிந்திருந்தது.

என் சின்னம்மா நல்ல கறுப்பு. முகம் அவ்வளவு லட்சணம். மூக்கும் நெற்றியும் கோணேசர் கோயில் பார்வதிக்குச் சரி. 1620களில் போர்த்துக்கேயர் அந்தக் கோயிலை இடித்தபோது மண்ணுக்குள் மறைத்த விக்கிரகங்களில் சில, 1950இல் கிணறு வெட்டும்போது வெளிவந்தன; அவற்றில் அந்த அம்மனும் ஒன்று. ஊரே கூடி ஊர்வலம் எடுத்ததாம். வெண்கலத்தில் இருந்த அந்த முகத்துக்கு ஊர் தேங்காய் உடைத்தது. சின்னம்மாவின் அதே முகத்தைப் பார்க்க வந்தவர்கள், பலகாரம் சாப்பிட்டு, தேத்தண்ணி குடித்து, "பிள்ளை நல்ல பிள்ளைதான், நிறம்தான் கொஞ்சம்..." என்று இழுத்தார்கள். அந்த இழுவைக்கு விலை இருந்தது. முதல் பேசிய சீதனத்தோடு சாம்பல்தீவில் இருந்த தென்னங்காணியும் எழுதிக் கொடுத்த பிறகுதான் நாள் வைத்தார்கள். சின்னம்மா அன்று அடுப்படியில் நின்று ஒரு சொல்லும் பேசாமல் பாத்திரம் கழுவினா. நான் பக்கத்தில் நின்று துடைத்தேன். "கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்று அம்மம்மா ஆறுதலுக்குச் சொன்னா. தன் மகளின் நிறத்துக்குக் காணியைக் கொடுத்த அதே வாய்.

பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போகாத வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் குறைவு. காளி கறுப்பு. பாரதம் படிக்கும் கோயில்களில் கொண்டாடும் திரௌபதையும் கறுப்பு. அதனால்தான் அவளுக்குக் கிருஷ்ணை என்றும் பெயர். பள்ளிக்கூடத்தில் சங்கப் பாட்டுப் படிப்பித்த ரீச்சர், குறுந்தொகையில் வெள்ளிவீதியார் பாடிய 27ஆவது பாட்டுக்கு வரும்போது கொஞ்சம் நிறுத்துவா. அந்தத் தலைவியின் அழகு மாந்தளிர் நிறத்து மாமை. காதலன் பிரிந்த கவலையில் பசலை வந்து அந்த மாமையைத் தின்னப் பார்க்கிறதே என்பதுதான் அவளின் துயரம். வெளிறிப் போவது அங்கே நோய். வள்ளுவர் அந்த நோய்க்கென்றே பசப்புறு பருவரல் என்று 10 குறளை ஒதுக்கியிருக்கிறார். அதை மனப்பாடம் செய்து சோதனையில் புள்ளி எடுத்த நாங்கள், வீட்டுக்கு வந்து முகத்தில் கஸ்தூரி மஞ்சளை அப்பிக்கொண்டு வெளிறிப் போகக் காத்திருந்தோம்.

திருகோணமலையிலிருந்து ஹபறணை வழியாகப் போனால் சிகிரியா பெரிய தூரமில்லை. 5ஆம் நூற்றாண்டில் காசியப்பன் காலத்தில் அந்தப் பாறையில் தீட்டிய பெண்களில் பொன்னிறத்தாரும் இருக்கிறார்கள், கருநிறத்தாரும் இருக்கிறார்கள். கருநிறத்தாளும் பொன்னிறத்தாளைப் போலவே மணியும் மாலையும் அணிந்து நிமிர்ந்து நிற்கிறாள். பார்க்க வந்தவர்கள் நூற்றாண்டுக் கணக்காக அங்கே பளிங்குபோல் மினுக்கிய சுவரில் கவிதை கிறுக்கிவிட்டுப் போனார்கள். பேராசிரியர் பரணவிதான 1956இல் பதிப்பித்தவை மட்டும் 685. மலையேறிக் களைத்து வந்தவன், ஓவியத்தில் இருப்பவள் திரும்பிப் பார்க்கவில்லையே என்று ஏங்கி எழுதியிருக்கிறான். சீதனக் காணி பற்றி யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தபோது எங்களிடம் அலங்காரத்துக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. சீயக்காய், பயற்றம்மா, ராணி சந்தனச் சவர்க்காரம், எங்கிருந்தாவது வந்த ஒரு ரின் குட்டிக்கூரா பவுடர். அதையும் அக்காவும் நானும் பங்கு போட்டுப் பூசினோம். கிண்ணியாவில் இருந்த என் பள்ளித் தோழி பெருநாளுக்குக் கூப்பிடுவாள். தோணியில் போவோம், அப்போது பாலம் இல்லை. அவளின் உம்மா மருதோன்றி இலையை அம்மியில் மசிய அரைத்து, எலுமிச்சம்புளி விட்டு, எங்கள் விரல் நுனிகளுக்குத் தொப்பி மாதிரிப் போட்டு, சீலைத் துண்டால் கட்டிவிடுவா. கையைத் தலையணையில் படாமல் வைத்து நித்திரை கொள்ளவேண்டும். விடியக் கழுவினால் நகம் வரை கடுஞ்சிவப்பு. என் கறுத்த கையில் அது அவளின் கையை விட நன்றாகப் பிடித்தது என்று உம்மா சொன்னா. என் நிறத்துக்காக யாரும் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. இன்றும் அந்தக் கையை நினைத்தால் எனக்குச் சந்தோஷம்.

1977க்குப் பிறகு அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து கடைகள் நிறைந்தன. 1982இல் ரூபவாஹினித் தொலைக்காட்சி வந்தது. இந்தியாவில் 1975இல் தொடங்கிய ஃபெயார் அண்ட் லவ்லி கிறீம் எங்கள் பக்கத்துப் பெட்டிக்கடை வரைக்கும் வந்து தொங்கியது. விளம்பரக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கறுத்த பிள்ளைக்கு வேலையும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை, பூசுகிறாள், வெளுக்கிறாள், இரண்டும் கிடைக்கிறது. உலகமெங்கும் எதிர்ப்பு எழுந்து 2020இல் அதன் பெயரில் இருந்த வெண்மையை எடுத்துவிட்டு க்ளோ என்று வைத்தார்கள். பெயர் மாறியதால் என் தெருவில் ஒரு பிள்ளையாவது நிம்மதியாகக் கண்ணாடி பார்த்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

இடையில் யுத்தம். அந்தக் காலத்து அழகைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. கண்ணில் படாமல் இருப்பதுதான் அப்போது பெண்பிள்ளைக்குப் பாதுகாப்பு. பஸ்ஸில் தூரம் போகும்போது நெற்றிப் பொட்டை அழித்துவிட்டு ஏறினோம், யார் என்று அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக. அம்மம்மா கண்ணாடிக்கு முன்னால் நின்று நேராக வைக்கப் பழக்கிய பொட்டு. அதை எச்சில் விரலால் அழிக்கவும் ஒரு தலைமுறை பழகியது.

2009இல் யுத்தம் முடிந்த பிறகு வெளிநாட்டுச் சனம் திரும்ப வந்தது. நிலாவெளிப் பக்கம் ஒரு மத்தியானம் நான் கண்டதைச் சொல்கிறேன். கரையில் பாய் விரித்துக் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தா ஒரு அக்கா. சட்டைக்கு மேலே கணவரின் நீளக்கைச் சேட்டு, தலையையும் வாயையும் சேர்த்துச் சுற்றிய துவாய், அதற்கு மேலே ஓலைத் தொப்பி. கண் மட்டும்தான் வெளியில். ஏன் இந்த வெக்கையில் இவ்வளவு சுற்றியிருக்கிறீங்கள் என்று கேட்டேன். "இருக்கிற கறுப்புக் காணும் ரீச்சர், மகளுக்குச் சம்பந்தம் பேசி வரக்கை தாயைத்தானே முதலிலை பாப்பினம்" என்றா. கூப்பிடு தூரத்தில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை குப்புறப் படுத்திருந்தது. தோள் இரண்டும் தோலுரிந்து, செங்கல் நிறத்தில் வெடித்திருந்தன. வேதனையாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் எழும்பவில்லை.

இரண்டு பேரையும் ஒரே வெயில் ஆட்டியது. ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் கறுத்த தோல் என்றால் வயலில் நின்றவளின் தோல். முதலாம் எலிசபெத் மகாராணி காலத்து மேட்டுக்குடிப் பெண்கள் ஈயத்தில் செய்த வெள்ளைப் பூச்சை முகத்தில் அப்பினார்கள், அது நஞ்சு. பிறகு தொழிற்சாலைகள் வந்தன. உழைக்கிறவர்கள் கூரைக்குக் கீழே போய் வெளிறினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடற்கரைக்குப் போக நேரமும் காசும் உள்ளவர்களின் தோல்தான் கறுத்தது. உடனே அது அழகாகிவிட்டது. ஆக, அங்கும் இங்கும் ஓய்வு யாருக்குக் கிடைத்ததோ அவரின் நிறத்தைத்தான் அழகு என்றார்கள். எங்கள் கருவாட்டு அக்காவுக்கு அந்த ஓய்வு என்றைக்குக் கிடைத்தது? தோலில் இருக்கும் மெலனின் அந்த வெயிலிலிருந்து அவவைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அதற்காகத்தான் அவ மன்னிப்புக் கேட்கிற மாதிரி முகத்தை மூடிக்கொண்டு நிற்கிறா.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் கையில் புழங்கும் சில கிறீம்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. என் சொந்தத்தில் ஒரு பிள்ளை, பெயரோ செய்த இடமோ ஒன்றும் எழுதாத ஒரு டப்பாவை யாரோ சொல்லி வாங்கிப் பூசினாள். முதல் கிழமைகளில் பளபளவென்று வெளுத்தாள். எல்லோரும் கேட்டு வாங்கினார்கள். பிறகு கன்னத்துத் தோல் மெலிந்து, உள்ளே ஓடும் இரத்தக் குழாய்கள் நூல் நூலாகத் தெரியத் தொடங்கின. வெயில் பட்டால் எரிவு. பூசுவதை விட்டால் முகமெல்லாம் பரு. ஸ்டீரொயிட் மருந்தைக் கலந்தால் இப்படித்தான் ஆகும் என்று தோல் வைத்தியர் விளங்கப்படுத்தினார். வேறு சிலவற்றில் பாதரசம் கலக்கிறார்கள். மெலனின் உண்டாவதை அது தடுக்கும், அதனால் வெளுக்கும். தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா சர்வதேச உடன்படிக்கையில் அழகுப் பொருட்களுக்கென்றே தனியாக எழுதவேண்டி வந்திருக்கிறது. ஈயப் பூச்சுக் காலம் லண்டனில் முடிந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. எங்கள் பிள்ளைகள் இப்போதுதான் அதற்குள் இறங்குகிறார்கள்.

போன வருடம் தங்கச்சியின் பேத்திக்கு மண்டபத்தில் சாமத்திய வீடு. பச்சை முட்டையும் களியும் இல்லை. பிள்ளை இரண்டு நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை. "சட்டை இறுகும் அம்மம்மா, போட்டோவிலை வயிறு தெரியும்" என்றாள். எனக்கு ஊட்டிவிட்ட அம்மம்மாவின் கையை நினைத்துக்கொண்டு ஒரு இடியப்பத்தைப் பிசைந்து அவளின் வாயில் வைத்தேன். பாதி தின்றாள். பார்லரிலிருந்து வந்த பிள்ளைகள் நல்ல கெட்டிக்காரர்கள், வேலையில் சுத்தம். ஆனால் கொண்டுவந்த பெட்டியில் எங்கள் பிள்ளையின் நிறத்துக்கு ஒரு பூச்சுக்கூட இல்லை. இருந்ததைப் பூசினார்கள். முகம் ஒரு நிறம், காது ஒரு நிறம். கழுத்துக்கும் கைக்கும் திரும்பப் பூசிச் சரிக்கட்டினார்கள்.

அல்பம் செய்கிற தம்பியிடம் நான் தனியாகப் போனேன். படங்களைக் கொம்பியூட்டரில் ஏற்றி வெளுப்பாக்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி, பிள்ளையின்ரை நிறத்தை அப்பிடியே விடுங்கோவன்."

"அன்ரி, எல்லாரும் கேக்கிறதைத்தான் செய்யிறம். வெளுக்காமல் குடுத்தால் லைற் சரியில்லை எண்டு திருப்பித் தந்திடுவினம்."

"நான் திருப்பித் தரமாட்டன். ஒரு படம் மட்டும் கையை வைக்காமல் அடிச்சுத் தாங்கோ. காசு நான் தாறன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பூச்சுக்கு முந்தி, விடியற்காலையில் தண்ணீர் வார்த்தபோது எடுத்த படம் ஒன்றைத் தேடி எடுத்தார். நனைந்த மயிர் தோளில் ஒட்டியிருக்கிறது. மஞ்சள் தண்ணீர் கன்னத்தில் ஓடுகிறது. தலையில் அறுகும் பாலும் வைத்த யாரையோ பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். மாந்தளிர் நிறம். "இது உண்மையிலை நல்ல படம் அன்ரி" என்றார் தம்பி, தானே எடுத்த படத்தைப் புதிதாகக் கண்டவர் போல.

பெரிதாகச் சட்டம் போட்டு வாங்கி வந்தேன். அவளின் அம்மா விறாந்தையில் வெளுத்த படத்தைத்தான் மாட்டியிருக்கிறாள். கனடாவில் இருக்கும் சொந்தங்களுக்கு வாட்ஸப்பில் போனதும் அதுதான். என்னுடையது இப்போதைக்கு என் அறைச் சுவரில் இருக்கிறது. பேத்தி வரும்போதெல்லாம் அதன் முன்னால் நின்று பார்க்கிறாள். போன கிழமை அதைத் தன் ஃபோனில் படம் பிடித்துக்கொண்டு போனாள். விறாந்தையில் அதற்கு ஒரு ஆணி அடித்துத் தா என்று அவளின் தாயிடம் கேட்டிருக்கிறேன். மருமகன் சனிக்கிழமை லீவில் வருகிறார். வந்ததும் அவரிடமும் கேட்பேன்.